ஏழாவது பறப்பு

ஏப்ரல் 11, ஸ்வால்பார்ட், வடதுருவத் தீவுகள்
மைனஸ் இருபத்தொன்று. ட்ரோனின் விசிறிகளில் பனி பிடித்துவிட்டது, பாதியில் இறக்கினேன். இந்த ஆய்வை நடத்தும் ஹல்வார்டின் முகம் தொங்கிப்போனது. மேகத் துளி உருவாகத் துகள்கள் வேண்டும். இங்கே அவை கடல்பனி வெடிப்புகளிலிருந்துதான் மேலே வருகின்றன என்பது அவன் கட்சி. இந்த மாதத்துக்குள் காட்டாவிட்டால் அவன் வேலை போய்விடும். "உன் ட்ரோனுக்கு மேகத்தைக் கண்டா வெட்கமா, இங்குன்?" என்றான். சிரிக்கவில்லை.

ஏப்ரல் 14
ஏழாவது பறப்பு. கிடைத்துவிட்டது! மேகத்தின் அடியில் துகள்கள் பன்னிரண்டு மடங்கு. ஹல்வார்ட் என்னைக் கட்டிப்பிடித்து ஆடினான். "ஆறு வருஷம், இங்குன்! ஆறு வருஷம்!" முகாமில் எல்லோருக்கும் வாஃபிள் சுட்டுக் கொடுத்தான். என் பங்கை அப்படியே தட்டில் விட்டுவிட்டேன்.

ஏப்ரல் 16
எழுதிவிடுகிறேன். பறப்பதற்கு அரைமணி முன்பே பனி ஸ்கூட்டரை அணைத்துவிட வேண்டும், அதன் புகையிலும் துகள்கள் உண்டு; அது எங்கள் முதல் விதி. நான் அணைக்கவில்லை. பேட்டரி விறைத்துவிடுமே என்று இஞ்சினை ஓடவிட்டுச் சூடேற்றிக்கொண்டிருந்தேன். புகை எதிர்ப்பக்கம்தானே போகிறது என்று நினைத்தேன். ட்ரோன் எழும்பியதும் காற்று திரும்பி, புகை அதன் பக்கம் போனது. பார்த்தேன். பார்த்துவிட்டும்— மேகம் கலைந்துவிடுமே என்று வாயை மூடிக்கொண்டேன். ஹல்வார்ட் கரடிக்குக் காவலாகத் துப்பாக்கியோடு மேட்டில், எனக்கு முதுகைக் காட்டி நின்றிருந்தான்.
சொன்னால் அவன் பிழைப்பு போகும். சொல்லாவிட்டால்? எங்கள் புகையை வானம் என்று நம்பி யாரோ கணக்குப் போடுவார்களே.

ஏப்ரல் 17
சொல்லிவிட்டேன். ரொட்டிக்குப் பழுப்புச் சீஸ் சீவிக்கொண்டிருந்தான். சீவுவதை நிறுத்தவில்லை.
"நீ பார்த்தியா?"
"பார்த்தேன்."
"பார்த்துட்டு, நான் ஆடினதையும் பார்த்துட்டு நின்னே."
நாலு திட்டு திட்டியிருக்கலாம்.

ஏப்ரல் 19
ஹல்வார்ட் தட்டை எடுத்துக்கொண்டு வேறு மேசைக்குப் போய்ச் சாப்பிட்டான்.

ஏப்ரல் 22
மேகம் தாழ வந்தது. ஸ்கூட்டரை முகாமிலேயே விட்டுவிட்டு, ட்ரோனைச் சறுக்குவண்டியில் வைத்து மூன்று கிலோமீட்டர் இழுத்தோம். பேட்டரிகள் விறைக்காதபடி ஹல்வார்ட் அவற்றைச் சட்டைக்குள் கட்டிக்கொண்டு நடந்தான். நானும் கட்டிக்கொண்டேன். இரண்டு முறை பறந்தோம். துகள்கள் கொஞ்சமும் கூடியிருக்கவில்லை.
"சரி," என்றான். ஐந்து நாளில் அவன் பேசிய முதல் வார்த்தை. எனக்கு அழுகை வந்தது.

ஏப்ரல் 30
இறுதி அறிக்கை. ஏழாவது பறப்புக்கு எதிரே ஹல்வார்ட் எழுதியிருந்தான்: 'இஞ்சின் புகை. காற்று மாறியதை நாங்கள் கவனிக்கவில்லை.' அதை அழித்துவிட்டு எழுதினேன்: 'ட்ரோனை ஓட்டிய இங்குன் கவனித்தாள். சொல்லவில்லை.'
"இது இப்படியே போனா உனக்கும் இங்க வேலை இருக்காது."
"தெரியும்."
மடிக்கணினியைத் தன் பக்கம் திருப்பினான். பிறகு அவனே அனுப்பினான்.

மே 4
வேலை போய் ஊர் திரும்பும் எங்கள் இருவருக்கும் ஒரே விமானத்தில் இடம் போட்டாயிற்று. பக்கத்துப் பக்கத்து இருக்கையாகக் கேட்டது ஹல்வார்ட்தான்.