பதினோரு நாள் சிவப்புக் கொடி

அன்புள்ள அப்பாவுக்கு, மகள் வணக்கத்துடன் எழுதுவது. உங்கள் முழங்கால் வலி தேவலையா? நான் சுகம்.

விமான நிலையத்தில் தொலைந்த பெட்டிகளைத் தேடித்தரும் எங்கள் அலுவலகத்துக்குத் தினமும் முந்நூறு மெயில் வரும். பதில் சொல்ல வேண்டியவை மறந்துபோகாமலிருக்க, கணினித் திரையில் அவற்றின் பக்கத்தில் சிவப்புக் கொடி அடையாளம் போட்டுவைப்பேன். ஓர் ஆசிரியை தன் பெட்டியைக் காணோம் என்று எழுதியிருந்தார்; அதில் நாற்பது பிள்ளைகளின் பரீட்சைத்தாள்கள். "இனிமே கிடைக்காதும்மா, கொடியை எடுத்துடு" என்றார் மேனேஜர். எனக்கு மனசு வரவில்லை. பதினோரு நாள் விடாமல், உரியவர் தெரியாத பெட்டிகளை வைக்கும் கிடங்குக்குப் போன் செய்தேன். நேற்று பெட்டி கிடைத்துவிட்டது!

"ஐயோ, என் பிள்ளைங்க பொழைச்சாங்க!" என்று ஆசிரியை போனில் போட்ட கூச்சலில் ஆபீசே கைதட்டியது. மேனேஜர்தான் பலமாகத் தட்டினார்.

அடுத்த மெயிலை இரண்டு வரியில் முடிக்காதீர்கள், அப்பா. அம்மாவோடு போட்ட சண்டையைக்கூட விடாமல் எழுதுங்கள். போன் அடிக்கிறது, ஓடுகிறேன்.

உங்கள் மகள்