செத்த செல்லின் இடம்

என் கனியக்காவுக்கு,

நீ போன பிறகு சண்டை போட ஆளில்லாமல் என் வாய் சும்மா கிடக்கிறது. அதனால்தான் எல்லாரும் படிக்கும்படியே எழுதுகிறேன். வீட்டு விஷயத்தை ஊருக்குச் சொல்கிறாயே என்று கோபப்படாதே. நம் வீட்டில் நடந்தது பல வீடுகளில் நடப்பதுதான்.

முதலில் சிவகாசிச் சேதி. அத்தானின் அச்சகத்தில் தீபாவளி ஆர்டர் குவிந்து கிடக்கிறது, பட்டாசுப் பெட்டி லேபிள் அடிக்க மிஷினுக்கு ஓய்வே இல்லை. உன் மகள் மீனா ஒன்றாம் வகுப்புக்குப் போகிறாள். முன்பல் விழுந்துவிட்டது. அதை அம்மாவிடம் காட்ட வேண்டும் என்று பாவாடை முடிச்சில் வைத்துக்கொண்டு திரிந்தாள்.

நான் அதே மதுரை விடுதியில் தங்கி, அதே நுண்ணோக்கியோடு செடியின் வேரை ஆராய்ந்துகொண்டிருக்கிறேன். "வேருக்குள்ள அப்படி என்னத்தடி பாக்க?" என்று போனில் கேட்பாயே. இப்போது யாரும் கேட்பதில்லை. கேட்காவிட்டாலும் சொல்கிறேன்.

வேர் நுனியில் புதிதாகப் பிறக்கும் செல்கள் பார்க்க ஏறக்குறைய ஒன்றுபோல இருக்கும். போகப் போக ஒன்று மேல்தோல் ஆகும், ஒன்று நீர் ஏற்றும் குழாய் ஆகும், ஒன்று மண்ணைத் துழாவும் வேர்த்தூவி ஆகும். எது என்ன ஆக வேண்டும் என்பதை அது நிற்கும் இடமும் அக்கம்பக்கமும்தான் பெரும்பாலும் முடிவு செய்கின்றன. இதைச் சோதிக்க, நுனியில் ஒரே ஒரு செல்லை மட்டும் லேசர் கதிரால் கொல்வோம். செத்த செல் நசுங்கி ஒதுங்கிவிடும். செடியின் செல்களுக்குச் சுவர் உண்டு, எழுந்து நடக்க முடியாது. ஆனாலும் பக்கத்துச் செல் வளர்ந்து, இரண்டாகப் பிரிந்து, அந்த இடத்துக்குள் புகுந்துவிடும். புகுந்ததும் தன் பழைய வேலையை மறந்து, செத்தது செய்துகொண்டிருந்த வேலையைச் செய்யத் தொடங்கும். கொஞ்ச நாளில், சாவு விழுந்த இடம் எது என்று எனக்கே தெரியாது.

முன்பெல்லாம் அதைப் பார்த்தால் சந்தோஷமாக இருக்கும். இப்போது பார்க்கவே பிடிக்கவில்லை.

மஞ்சள்காமாலையில் நீ போய் ஒரு வருஷம் திரும்பவில்லை, அதற்குள் அம்மாவும் உன் மாமியாரும் பேசிவிட்டார்கள். அக்கா இடத்துக்குத் தங்கச்சி. "வேத்தாளு வந்தா புள்ளைக்கு ஒரு வாய் சோறு ஒழுங்கா ஊட்டுவாளா? நீன்னா ஒரே ரத்தம்" என்றாள் அம்மா. ஆடி வெள்ளிக்கு இருக்கன்குடி அம்மன் கோயிலுக்கு இழுத்துக்கொண்டு போய், அரளிப் பூக்களை இலையில் மடித்துப் பூக்கட்டிப் பார்த்தார்கள். வெள்ளை வந்தால் கல்யாணம், சிவப்பு வந்தால் இல்லை. பொட்டலத்தை எடுக்க மீனாவைத்தான் நிறுத்தினார்கள்.

சிவப்பு வந்தது.

"புள்ள அவசரத்துல எடுத்துட்டா. ஆத்தாள இன்னொருக்கா கேப்போம்" என்றாள் அம்மா. இரண்டாம் தடவை வெள்ளை வந்தது. உன் மாமியார் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். சாமிக்கே மறுதேர்வு வைத்த ஆட்கள் இவர்களாகத்தான் இருக்கும். நீ இருந்திருந்தால் என்னைக் கிள்ளிச் சிரித்திருப்பாய்.

ஒன்று சொல்கிறேன் அக்கா. சரி என்று சொல்லத்தான் இருந்தேன். விடுதி அறையில் தனியாக உட்கார்ந்து தட்டில் சோறு பிசைவது எனக்கு அலுத்துவிட்டது. மீனாவைப் பிடிக்கும். அத்தான் நல்ல மனிதர்.

கோயிலிலிருந்து உன் வீட்டுக்குத் திரும்பியதும், உன் மாமியார் உன் பச்சைச் சேலையை எடுத்துக் கொடுத்துக் கட்டிக்கொள்ளச் சொன்னார்கள். கட்டிக்கொண்டேன். மத்தியானம் நான்தான் பரிமாறினேன். அத்தான் தலை நிமிராமல், "கனி, இன்னுங்கொஞ்சம் ரசம் ஊத்து" என்றார்.

நான் ஊற்றினேன்.

பெயர் மாறிவிட்டது என்று எனக்கும் உறைக்கவில்லை, அவருக்கும் உறைக்கவில்லை. மீனா அப்பளத்தை நொறுக்கிக்கொண்டிருந்தாள். அந்த ஒரு நொடி, அந்த வீட்டில் நீ இல்லை என்பது யாருக்குமே தெரியவில்லை. அக்கா, அது உறைத்ததும் ரசக் கரண்டியைக் கீழே வைத்துவிட்டேன்.

அத்தானுக்குப் பிறகுதான் புரிந்தது. "வாய் தவறிருச்சும்மா கலா, மன்னிச்சுக்கோ" என்றார்.

"நீங்க மட்டுமா தவறுனீக? நானுந்தான் ஊத்துனேன். இது வேண்டாம் அத்தான்."

அவர் கையைக்கூடக் கழுவாமல் அப்படியே உட்கார்ந்திருந்தார். "எனக்கும் மனசில்ல. பெரியவுகள எதுத்துச் சொல்ல வாய் வரல" என்றார். பிறகு பிள்ளை முன்னாலேயே அழுதார். நானும் அழுதேன்.

அம்மா என்னோடு பேசுவதில்லை. போன் அடித்தால் எடுப்பதில்லை. சாமி சொல்லியும் கேட்காதவள் என்று விஸ்வநத்தத்தில் இருக்கும் சித்தப்பா வரைக்கும் சொல்லியாகிவிட்டது. உன்னிடம் புலம்பினால் நீதான் அம்மாவைச் சரிக்கட்டுவாய். இப்போது யாரிடம் போவேன்?

ஆராய்ச்சி முடிந்ததும் சிவகாசியில் ஒரு கல்லூரியில் வேலைக்குச் சேரப் போகிறேன். உன் தெருவுக்கு அடுத்த தெருவில் வீடு பார்த்துவிட்டேன். காலையில் போய் மீனாவுக்குத் தலை பின்னிவிடுவேன், சாயங்காலம் பாடம் சொல்லிக் கொடுப்பேன், பிறகு என் வீட்டுக்கு வந்துவிடுவேன். ஒற்றை ஆளுக்கு உலை வைக்கப் பழகிக்கொள்வேன்.

வேருக்குக் காயம் ஆறினால் போதும், யார் போனது என்று அதற்குத் தெரிய வேண்டியதில்லை. எனக்குத் தெரிய வேண்டும். மீனாவுக்கும் தெரிய வேண்டும். அதனால் இந்த வாக்கை வைத்துக்கொள்: உன் பிள்ளையை விடமாட்டேன், உன் இடத்துக்கும் வரமாட்டேன். அது காலியாகவே இருக்கட்டும் அக்கா. நான் பக்கத்திலேயே இருக்கிறேன்.

என்றும் உனக்கு அடுத்துப் பிறந்தவள்,
உன் தங்கச்சி கலா