செம்மண் ஒட்டிய நாடா

சித்தி, நடந்ததை நடந்தபடியே எழுதப் போகிறேன். எதையும் கூட்டவோ குறைக்கவோ மாட்டேன். நீங்கள் இருந்திருந்தால், "பிள்ளை, உள்ளதே காணும், அதுக்கு மேல சோடிக்காத" என்றுதான் சொல்லியிருப்பீர்கள்.

இன்று பள்ளி விட்டு வந்ததும் குளிர் கூடிவிட்டது என்று அம்மா என்னை உங்கள் அறைக்கு அனுப்பினார். உங்கள் தடித்த கோட்டு எனக்கு இப்போது அளவாக இருக்கும் என்றார். லண்டனில், எங்கள் ரெய்னர்ஸ் லேனில், நான்கரைக்கே இருட்டிவிடும் காலம் இது. ஆனால் உங்கள் அறையில் இருட்டு இல்லை. நீங்கள் எங்களை விட்டுப் போன நாளிலிருந்து அம்மா அந்த அறை விளக்கை அணைப்பதே இல்லை. பகலிலும் எரிகிறது. கரண்ட் பில்லைப் பற்றி அப்பா ஒரு முறை வாயெடுத்தார்; அம்மா பார்த்த பார்வையில் மறுபடி பேசவில்லை.

கோட்டை எடுத்து உதறியபோது பையிலிருந்து அந்த ஆரஞ்சு நாடா விழுந்தது. கூடவே கொஞ்சம் சிவப்புத் தூளும் கம்பளத்தில் கொட்டியது. குனிந்து முகர்ந்து பார்த்தேன். சூடேறிய ஓட்டின் மணம். இந்த ஊரில் எந்த மண்ணுக்கும் இப்படி ஒரு மணம் இல்லை.

அந்த நாடாவின் கதையை நீங்கள் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறீர்கள். முதல் சிகிச்சை முடிந்து, அடுத்ததற்கு முன் டொக்டர் ஓர் இடைவெளி தந்தார். எல்லோரும் நீங்கள் ஓய்வெடுப்பீர்கள் என்று நினைத்தோம். நீங்களோ ஹீத்ரோ விமான நிலைய வேலையில் இத்தனை காலம் மற்றவர்களை ஏற்றி அனுப்பியது போதும் என்று சொல்லி, சிட்னிக்கு டிக்கெட் எடுத்துவிட்டீர்கள். அங்கே வதனி அன்ரி. பாலைவனத்துக்கு நடுவில், கூபர் பீடியில், கலா அன்ரி. இருவரும் உங்களோடு ஒரே வகுப்பில் படித்தவர்கள். இடையில் இருக்கும் நிலம் முழுவதையும் தனியாகக் கார் ஓட்டிக் கடப்பதாகத் திட்டம்.

அம்மா சமையலறையில் நின்று கத்தியது எனக்கு இப்போதும் கேட்கிறது.

"அங்க ஒரு தெருவிளக்கும் இல்லையாம். நீ லைட் இல்லாம ஒரு நாளாவது படுத்திருக்கிறியே?"

"கார்ல லைட் இருக்குத்தானே அக்கா."

"பகிடி விடாத. வருத்தக்காரி நீ. இருக்கிற நாளை என்னோட இருக்க ஏலாதே உனக்கு?"

நீங்கள் அறைக்குப் போய்ப் பெட்டியை அடுக்கத் தொடங்கினீர்கள். அம்மா விமான நிலையத்துக்கு வரவில்லை. அந்தப் பயணத்தில் நீங்கள் அனுப்பிய குரல் பதிவுகள் ஒன்றையும் அவர் கேட்கவில்லை. நீங்கள் திரும்பி வந்த பிறகும், ஆஸ்பத்திரியில் உங்கள் தலைமாட்டில் இரவு பகலாக இருந்தபோதும், அந்தப் பயணத்தைப் பற்றி ஒரு சொல் கேட்கவில்லை.

நான்தான் கேட்டேன். நான் பள்ளிக்குப் புறப்படும் நேரத்தில் அங்கே பொழுது சாயத் தொடங்கியிருக்கும். பஸ்ஸில் காதில் உங்கள் குரலோடு போவேன். வெளியே ஹரோவின் சிவப்புக் கூரைகள். காதுக்குள் ஒரு வீடுகூட இல்லாத நிலம். என் அறைச் சுவரில் ஒட்டிய ஆஸ்திரேலிய வரைபடத்தில் ஊசியை நகர்த்தி வைப்பேன். லண்டனிலிருந்து எடின்பரோ போகும் தூரத்தை அதே அளவில் வெட்டி அதன்மேல் வைத்துப் பார்த்தேன். உங்கள் பாதையில் அது ஒரு துண்டு. அன்று எனக்கு வகுப்பில் வேறெதுவும் ஏறவில்லை.

வதனி அன்ரி உங்களை அப்படியே விட்டுவிடவில்லை. வாடகைக் காரின் சில்லுகளுக்கு அடியில் தேசிக்காய் வைத்து நசித்தது போதாதென்று, தேசிக்காயும் பச்சை மிளகாயும் கோத்து முன்பக்கத்தில் கட்டிவிட்டார். "எடியே, கங்காருக்குக் கண்ணூறு தெரியுமோ தெரியாதோ, கட்டினால் கட்டினதுதான்" என்றாராம். இரண்டு நாள் ஓட்டிய பிறகு தென் ஆஸ்திரேலிய எல்லையில் ஒரு சோதனைச்சாவடி. பழ ஈக்கள் பரவாமல் இருக்க அங்கே எந்தப் பழத்தையும் உள்ளே விடமாட்டார்கள். "பழம் ஏதும் இருக்கோ?" என்று சீருடை போட்ட பெண் ஒருவர் கேட்க, நீங்கள் மனச்சாட்சியோடு "இல்லை" என்றீர்கள். அவர் காரைச் சுற்றி வந்து முன்னால் நின்றார்.

"அப்ப இது என்ன?"

"அது பழமில்லை. காவல்."

இந்த இடத்தில் நீங்கள் ஒவ்வொரு முறையும் சிரித்துச் சிரித்துப் புரையேறிப் போவீர்கள். ஆனால் அந்த நேரத்தில் சிரிப்பு வரவில்லை என்றும் சொன்னீர்கள். அவர் அதை அவிழ்த்துத் தொட்டியில் போட்டபோது, "பிள்ளை, நான் இதையெல்லாம் நம்பிறவள் இல்லை. ஆனா அவிழ்த்த உடன திரும்பிச் சிட்னிக்கே போவமோ எண்டு யோசிச்சன்" என்றீர்கள். அந்தப் பெண் உங்கள் முகத்தைப் பார்த்தார். எங்கே போகிறாய், யார் கூட என்று கேட்டார். தனியாக என்றதும் தன் அறைக்குள் போய், ஒளிரும் ஆரஞ்சு நாடா ஒன்றை எடுத்து வந்து, அதே இடத்தில், அதே மாதிரி கட்டிவிட்டார். "இதுக்கு ஈ வராது. லொறிக்காரருக்கும் உன்னைத் தெரியும்" என்றாராம்.

சித்தி, உலகத்தில் இப்படியும் நடக்கிறது என்பதை அன்று பஸ்ஸின் மேல்தட்டில் இருந்து கேட்டு, இறங்க வேண்டிய இடத்தை விட்டுவிட்டேன்.

அதன் பிறகு வந்த பதிவுகளில் உங்கள் குரலே மாறிப்போனது. பேச்சு குறைந்து இடைவெளி கூடியது. உப்பு ஏரி ஒன்றின் கரையில் நின்று, காற்றின் சத்தத்தை மட்டும் அனுப்பினீர்கள். மூன்று பெட்டிகளை இழுத்துவரும் லொறிகள் கடக்கும்போது கார் ஆடும் என்றீர்கள். எதிரே வருபவர் யாரென்றாலும் ஸ்டியரிங்கில் இருந்து ஒரு விரலைத் தூக்குவார், நானும் தூக்குவேன், அது "நீ இருக்கிறாய், கண்டுகொண்டேன்" என்ற மாதிரி என்றீர்கள். கூபர் பீடியையும் தாண்டி நீங்கள் போய்ப் பார்த்த உளுரு என்ற பெரும்பாறையைப் பற்றி நிறையச் சொல்வீர்கள் என்று காத்திருந்தேன். வந்தது இவ்வளவுதான்: "பெரிசு எண்டு சொன்னால் காணாது, பிள்ளை. பொழுது படேக்க அது நிறம் மாறுது, மூச்சு விடுற மாதிரி. படம் எடுக்கப் போனை எடுத்தன். பிறகு வெக்கமாப் போச்சு, உள்ள வச்சிட்டன். இப்ப இருட்டீட்டுது. வானத்தில வெள்ளி இல்லாத இடத்தைத்தான் தேட வேணும்."

திரும்பும் வழியில்தான் கலா அன்ரி வீட்டில் தங்கினீர்கள். வெயிலுக்குப் பயந்து அந்த ஊரில் பலர் நிலத்தைக் குடைந்து உள்ளே வீடு வைத்திருக்கிறார்கள். நான் அதைச் சொன்ன அன்றுதான், நீங்கள் ஏன் விளக்கோடு தூங்குகிறீர்கள் என்று அம்மா எனக்குச் சொன்னார். ஊரில் சண்டைக் காலத்தில் குண்டு போடும்போதெல்லாம் நீங்களும் கலா அன்ரியும் அம்மாவும் நிலத்தில் வெட்டிய ஒரே பங்கருக்குள் இருந்தவர்கள். சின்னவள் என்று உங்களை ஆக உள்ளே தள்ளி இருத்துவார்களாம். அதற்குப் பிறகு நீங்கள் விளக்கை அணைத்துத் தூங்கியதே இல்லை. நீங்களோ போனில் பகிடி விட்டீர்கள்: "பங்கருக்குப் பயந்து ஓடினவள், கடைசியில பங்கரையே வீடா வாங்கி வச்சிருக்கிறாள்!" பின்னால் கலா அன்ரி, "எடி, ஏசி தேவையில்லையடி, வந்து படுத்துப் பார்" என்று கத்தினார்.

அந்த இரவு நீங்கள் அனுப்பிய பதிவு அம்மாவுக்கானது. "அக்காவுக்கு எண்டு சொல்லிக் குடு" என்றீர்கள். நான் பலமுறை நீட்டினேன். அம்மா போனைத் தொடவில்லை.

இன்று அம்மா வாசலில் வந்து நின்றார். கம்பளத்தில் இருந்த சிவப்பைக் கண்டதும் வாக்குவம் கிளீனரை இழுத்து வந்தார். ஆனால் போடவில்லை. அதைப் பிடித்துக்கொண்டு நின்றார். பிறகு கட்டிலில் உட்கார்ந்து, குனிந்து, விரலால் அந்தத் தூளைத் தொட்டார்.

"இது அந்த ஊர் மண்ணே?"

"ஓம் அம்மா."

"அந்த ரெக்கோடிங் இருக்குதே?"

போட்டேன். உங்கள் குரல் இந்த அறைக்குள் மறுபடி வந்தது.

"எடி, லைட்டை நூர்க்கட்டே?" என்று கலா அன்ரி கேட்கிறார்.

"பொறு. அக்காவுக்குச் சொல்லிப்போட்டு. அக்கா, நான் நிலத்துக்குக் கீழ படுத்திருக்கிறன். சுத்திவர கல்லு. பயமில்லை எண்டு பொய் சொல்லமாட்டன். சரி கலா, நூர்."

விளக்கை அணைக்கும் சொடுக்குச் சத்தம். பிறகு நீண்ட நேரம் ஒன்றும் இல்லை. அம்மா என் கையைப் பிடித்தார். கடைசியில் உங்கள் மூச்சு, அதன்பின் சிரிப்பு.

"அக்கா, கண் திறந்திருக்கோ மூடியிருக்கோ எண்டே தெரியேல்லை. வெளியில பாத்த வானம் மாதிரியே பெரிசாக் கிடக்கு. இவ்வளவு காலமும் இருட்டு என்னை அமத்தும் எண்டு நினைச்சன். இதுக்குள்ள எனக்குத் தாராளமா இடம் இருக்கு. இனி எனக்கு எண்டு லைட் போட்டு வைக்காத, என்ன. நீயும் படு."

அம்மா "விசரி, சரியான பைத்தியம்" என்றார். சிரித்தாரா அழுதாரா என்று எனக்குப் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. உண்மையை எழுதுவதாகச் சொன்னதால் தெரியாது என்றே எழுதுகிறேன். "சின்னனில நான்தான் அவளைத் தள்ளித் தள்ளி உள்ளுக்க விட்டனான்" என்று மட்டும் சொன்னார். மறுபடி போடச் சொன்னார். போட்டேன்.

நாடாவை என் பள்ளிப் பையில் கட்டிவிட்டேன். பாதசாரிக் கடவையில் எனக்காக நிற்கும் கார்களுக்கு நான் ஒரு விரலைத் தூக்குவது உங்களுக்குத் தெரியாது. பெரும்பாலும் யாரும் கவனிப்பதில்லை. நேற்று ஒரு பஸ் ஓட்டுநர் திருப்பித் தூக்கினார்.

இதை உங்கள் மேசையில் இருந்துதான் எழுதுகிறேன். சிவப்புத் தூளைக் கூட்ட வேண்டாம் என்று சொல்லிவிட்டு அம்மா எழுந்தார். மிச்சத்தைக் கூடத்தில் இருந்து எழுதட்டுமா என்றேன். "இல்லை, முடி, நிக்கிறன்" என்று சுவிட்சில் கை வைத்தபடி நிற்கிறார். எழுத இன்னும் இருக்கிறது, ஆனால் அவரை நிற்கவைக்க மனம் இல்லை. ஜன்னலுக்கு வெளியே ஒரு வெள்ளியாவது தெரியும் என்று நினைக்கிறேன்.

இந்தக் கடைசி வரிகளைத் தடவித் தடவித்தான் எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் மன்னியுங்கள், சித்தி. விளக்கு அணைந்துவிட்டது.