டண்டீ கேக்கும் சாத்தூர் சேவும்

நீ முதலாளியிடம் பொய் சொன்னாய்.

இன்று காலை சாத்தூரில் கால் கிலோ சேவு வாங்கினேன். பொட்டலத் தாள் பளபளவென்று இருந்தது. பிரித்துப் பார்த்தால் சிவகாசியில் நம் பிரஸ்ஸில் கழித்துப் போட்ட காலண்டர் ஷீட். மேலே ஆங்கிலத்தில் ‘டண்டீ கேக், செப்டம்பர்’. கீழே உன் வண்டியின் பெட்ரோல் டேங்க், அதன்மேல் காகிதத்தில் குவித்த சேவு. சேவு படம் போட்ட தாளிலேயே சேவு. நீ இருந்திருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பாய். நான் பொட்டலத்தை அப்படியே மடித்துப் பையில் வைத்தேன்.

அந்த ஸ்காட்லாந்து காலண்டர் ஆர்டர் வந்தபோது, கம்ப்யூட்டரில் பக்கம் கட்டி அச்சுக்கான அலுமினிய பிளேட் போடுவது நான், மெஷினில் மாட்டி ஓட்டுவது நீ. மாதத்துக்கு ஓர் ஊர், ஊருக்கு ஒரு பண்டம். ஆர்ப்ரோத் என்ற ஊரில் புகை போட்ட மீன். ஸ்டோர்னோவேயில் ரத்தத்தில் செய்த புட்டு. டண்டீயில் பாதாம் பதித்த கேக். ஆட்டின் ஈரலையும் இதயத்தையும் கொத்தி இரைப்பைக்குள் அடைத்து அவிக்கும் ஹாகிஸ் படத்தை நீ வெகுநேரம் பார்த்தாய்.

“ஏலே, இது நம்ம குடல் கறிதாம்லே. வெள்ளக்காரன் பையில போட்டுக் கட்டியிருக்கான், அம்புட்டுத்தான்.”

அந்த ஞாயிறே உன் பைக்கில் கிளம்பினோம். அவர்கள் பக்கம் ஒன்றுக்கு நம் பக்கம் ஒன்று என்று கணக்கு. ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா, சாத்தூர் சேவு, விருதுநகர் எண்ணெய் பரோட்டா, இருக்கன்குடி கோயில் கூட்டத்தில் இடிபட்டு வாங்கிய அதிரசம். எதைத் தின்பதானாலும் முதலில் டேங்கின்மேல் வைத்து நான் படம் எடுக்க வேண்டும். பால்கோவா வெயிலில் இளகி டேங்கில் ஒட்டிக்கொண்டது. நீ விரலால் வழித்துத் தின்றாய். “பெட்ரோல் வாசத்தோட நல்லாத்தான் இருக்கு. நீயும் நக்கு.”

திரும்பும்போது, பின்னால் இருந்த என்னிடம் காற்றில் கத்திக் கேட்டாய்: “எல்லா ஊருக்கும் பேரோட ஒரு பண்டம் இருக்கு. சிவகாசிக்கு என்னலே?” வெடி என்றேன். “அதத் திங்க முடியாது மாப்ளே. அதுதான் நம்மளத் திங்குது.” இருவரும் சிரித்தோம். அதில் சிரிக்க என்ன இருந்தது என்று இப்போது தெரியவில்லை.

நமக்கென்று ஒரு செப்டம்பர் அடித்துக்கொள்ளலாம் என்பது யாருடைய யோசனை? உன்னுடையது என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தேன். இன்று சத்தியம் பண்ணச் சொன்னால் பண்ணமாட்டேன். டண்டீ கேக் படத்தை எடுத்துவிட்டு, டேங்கின்மேல் எடுத்த சேவுப் படத்தை வைத்தேன். ஆர்டருக்கு ஒன்று, நமக்கு ஒன்று என்று இரண்டு செட் பிளேட் போட்டேன். ஒன்றின் ஓரத்தில் மார்க்கரால் ‘செப்டம்பர்’ என்றும், மற்றதில் ‘நம்மது’ என்றும் எழுதினேன். மதியச் சாப்பாட்டு நேரத்தில் நம்முடையதில் பத்து ஷீட் ஓட்டுவதாகப் பேச்சு.

காலையிலேயே, கேக்குக்குப் பதில் சேவு ஓடிவிட்டது. மொத்த ஆர்டருக்கும் ஓடிவிட்டது. பைண்டிங்கில் இருந்த அக்காதான் கண்டுபிடித்தாள். முதலாளி ஷீட்டை உன் முகத்துக்கு நேரே ஆட்டினார். நான் உனக்கு இரண்டடி தள்ளி நின்றிருந்தேன்.

“நாந்தான் மொதலாளி. பாக்காம மாட்டிட்டேன்” என்றாய். அன்றே உன்னை வேலையை விட்டு நிறுத்தினார்.

பார்க்காமல் மாட்டுகிற ஆளா நீ? ஒரு மயிரிழை கலர் விலகினாலும் மெஷினை நிறுத்துகிறவன். ஓடும்போது உன் கண் ஷீட் ஓரத்துக் கலர் குறிகளில்தான் இருக்கும், படத்தில் இருக்காது; ஆனால் மாட்டும் முன் பிளேட்டில் எழுதியதைப் பார்ப்பாய். அப்படியென்றால் பார்த்திருக்கிறாய். பார்த்தும் மாட்டியிருக்கிறாய் என்றால், நான்தான் இரண்டு பிளேட்டிலும் பெயரை மாற்றி எழுதியிருக்க வேண்டும். அல்லது அன்று ஒரு நாள் நிஜமாகவே கவனிக்கவில்லையா? அந்த பிளேட்டுகள் அன்று சாயங்காலமே பழைய அலுமினியத்தோடு எடைக்குப் போய்விட்டன.

மறு ஞாயிறு விருதுநகரில் கேட்டேன்: “லேபிள நான் மாத்தி எழுதிட்டனா?” நீ பரோட்டாவைப் பிய்த்துக்கொண்டே, “எழுதுனது எவனா இருந்தா என்ன, மாட்டுனது நான். ஆறுறதுக்குள்ள தின்னு” என்றாய். நான் தின்றேன். அதற்குமேல் கேட்க எனக்கு வாய் வரவில்லை. வரவில்லையா, வரவிடவில்லையா?

அடுத்த வாரம் நீ வெடி கம்பெனி வேன் ஏறினாய். தீபாவளி சீசன், ஆள் தேவை, வெடிமருந்து கலக்கும் அறையில் வேலை. பிறகு ஒரு காலையில் அந்த அறையே இல்லை, நீயும் இல்லை. பேப்பரில் ‘உராய்வினால் வெடித்தது’ என்று போட்டார்கள். ஒவ்வொரு முறையும் அதே சொல்தான். கொதிக்கிற வெயிலில், ஓர் ஆள் நிற்க வேண்டிய இடத்தில் நாலு பேரை அடைத்தவனுக்கு அந்தச் சொல்லில் இடமே கிடையாது. ஏதோ இரண்டு பொருள்கள் தாமாக உரசிக்கொண்டனவாம். அதைப் படித்தபோது ஆத்திரத்தில் பேப்பரைக் கிழித்தேன். ஆனால் எனக்கும் அதுபோல ஒரு சொல் கிடைத்தால் எடுத்துக்கொள்வேன் என்றும் தோன்றியது.

போன வாரம் உன் மனைவி பிரஸ் வாசலுக்கு வந்தாள்.

“அண்ணே, அவுக குடிச்சிட்டு மிசின் ஓட்டுனாகன்னும், அதனாலதான் வேலைய விட்டு நிப்பாட்டுனாகன்னும் எங்க தெருவுல பேசுதாக. செத்த மனுசன் மேல ஏன் இப்படி? நீங்க பக்கத்துலதான இருந்தீக? என்ன நடந்துச்சுன்னு சொல்லுங்க.”

நீ அன்று குடிக்கவில்லை என்று மட்டும் சொன்னேன். “அப்புறம் எப்படி அம்புட்டுப் பெரிய தப்பு?” என்று கேட்டாள். விசாரித்துச் சொல்கிறேன் என்றேன். யாரிடம் விசாரிக்க? அந்த மெஷினுக்குப் பக்கத்தில் இருந்தது நாம் இரண்டு பேர்தான்.

நாளை அவள் வீட்டுக்குப் போகிறேன். தப்பு என்னுடையது என்று சொன்னால், உண்மையைச் சொல்கிறேனா, இல்லை உன் பொய்க்குப் பதிலாக என் பொய்யை வைக்கிறேனா என்று தெரியவில்லை. உன்னுடையது என்று சொன்னால் என் நாக்கு அழுகிவிடும்.

மெஷினில் மாட்டும் முன் அந்த பிளேட்டை நீ கையில் பிடித்திருந்தாய். ஓரத்தில் என் கையெழுத்தில் ஒரே ஒரு சொல் இருந்தது. அது எந்தச் சொல்? எனக்குச் சொல்ல வேண்டாம். விடிந்தால் அவள் கேட்பாள், அவளுக்காவது சொல்லுலே.