கறுப்பு வண்டியில் விழுந்த சுழிகள்

மார்ச் 2, ஞாயிறு

காலை ஆறு மணிக்கே பாப்பாவின் வண்டியைக் கழுவி முடித்தேன். பாப்பா என்றால் தங்கச்சி மகள். இருபத்தேழு வயசு ஆகிறது, இன்னும் வீட்டில் பாப்பாதான். சொந்தச் சம்பளத்தில் வாங்கிய கார். நாலு மாதம் ஆகிறது. கறுப்பு.

கறுப்பு வண்டியைத் துடைக்க எல்லாருக்கும் வராது. தண்ணீர் தானாகக் காய்ந்தால் பொட்டுப் பொட்டாக உப்பு படியும். அதற்கு முன்னால் துடைத்தாக வேண்டும். என் குளியல் துண்டு, என் இடது கை, வட்டம் வட்டமாக ஒரு பிடி பிடித்தால் ஒரு சொட்டு நிற்காது. கம்பெனியில் முப்பது வருஷம் டைரக்டர் வண்டியை இந்தக் கைதான் துடைத்தது. நான் துடைத்த கதவில் முகம் பார்த்துத்தான் மனுஷன் தலை சீவுவார்.

சாப்பிடும்போது இதைச் சொன்னேன். தங்கச்சி புருஷன் தட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "ஏன் மச்சான், அவர் வீட்ல கண்ணாடியே கிடையாதா? அப்புறம், போன மாசம் இருபத்தஞ்சு வருஷம்னீங்க."

தங்கச்சி சிரித்துவிட்டாள். பாப்பா சிரிக்கவில்லை. "சும்மா இருங்கப்பா. மாமா கை பட்டா வண்டி புதுசாயிடுது."

அவள் தோழிகள் வந்தால் என்னைக் காட்டி, "இவர் எங்க மாமா, டைரக்டருக்கே வண்டி ஓட்டினவர்" என்பாள். இந்த வீட்டுக்கு வந்து ஆறு வருஷம். மாடி அறை, மூணு வேளைச் சாப்பாடு எல்லாம் தங்கச்சி கொடுத்தது. அந்த ஒரு வரி மட்டும் பாப்பா கொடுத்தது.

மார்ச் 5, புதன்

மோதிரக் கல்லை ஏன் உள்ளங்கைப் பக்கம் திருப்பியே போட்டிருக்கே அண்ணா என்று தங்கச்சி கேட்டாள். கல்லின் பெருமை அப்படி. வெளியே காட்டினால் தெருவே கண் போடும். நான் ரிட்டயர் ஆன அன்று டைரக்டர் மேடையில் வைத்து, ஐந்நூறு பேர் கைதட்ட, தன் கையால் போட்டுவிட்ட மோதிரம்.

மார்ச் 9, ஞாயிறு

மதியம் உச்சி வெயிலில் பாப்பா கூப்பிட்டாள். "மாமா, கொஞ்சம் இங்க வாங்களேன். பானெட்டைப் பாருங்க."

பார்த்தேன். சூரியன் விழுந்த இடத்தைச் சுற்றிச் சிலந்தி வலை பின்னியதுபோலக் கீறல். மெல்லிசு மெல்லிசாக, சுழி சுழியாக. நகர்ந்து நின்றால் வலையும் கூடவே நகர்கிறது. கதவிலும் உண்டு, டிக்கியிலும் உண்டு. நிழலில் ஒன்றுமே தெரியாது. நான் விடியற்காலையில் துடைக்கிறவன், எனக்கு எப்படித் தெரியும்?

"ஆபீஸ்ல கேக்குறாங்க மாமா, பாத்திரம் தேய்க்கிற நாரால தேய்ச்சியான்னு."

கொஞ்சமும் தடுமாறவில்லை நான். "எனக்குக் காய்ச்சல்னு போன மாசம் தெருமுனை வாட்டர்வாஷ்ல விட்டியே, ஞாபகமிருக்கா? அங்க துடைக்கிற அம்மா வேலைதான் இது. தரையைத் துடைச்ச துணியாலயே துடைச்சிருக்கும். என் கண்ணு தப்பாது."

"நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றாள்.

மார்ச் 10, திங்கள்

பாப்பா வாட்டர்வாஷில் போய்ச் சத்தம் போட்டிருக்கிறாள். ஓனர் அவள் கண்ணெதிரிலேயே அந்த அம்மாவை வேலையை விட்டு நிறுத்திவிட்டானாம். "அவங்க எதிர்த்து ஒரு வார்த்தை பேசலை மாமா. கையில இருந்த துணியைப் பிழிஞ்சு கொடியில காயப் போட்டுட்டுப் போனாங்க. ஒரு மாதிரி ஆயிடுச்சு."

தொழில்னா கவனம் வேணும்மா என்றேன்.

மார்ச் 13, வியாழன்

கீறல் எடுப்பது எனக்குப் பெரிய விஷயமா? பற்பசைதான் மருந்து. மெக்கானிக்குகளே வந்து என்னிடம் கேட்டுக்கொண்டு போன ரகசியம். பாப்பா பஸ்ஸில் ஆபீஸ் போன நேரம் பார்த்து, டிரைவர் பக்கக் கதவில் வைத்து அரை மணி தேய்த்தேன்.

சுழி போகவில்லை. உள்ளங்கை அகலத்துக்குப் பளபளப்பு செத்து, மூச்சு விட்ட கண்ணாடிபோல மங்கிப்போயிற்று. அந்தப் பக்கம் சுவரை ஒட்டி வரும்படி வண்டியைத் திருப்பி நிறுத்தினேன்.

தங்கச்சி புருஷன் கண்ணுக்கு எதுவும் தப்பாது. "என்ன மச்சான், வண்டிக்குப் பல் தேய்ச்சாச்சா? வாய் கொப்பளிக்க வைக்கலையா?"

இந்த மனுஷன் வாயை அடைக்க ஒரு மருந்தும் இல்லை.

மார்ச் 15, சனி

எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன்.

பாலிஷ் போடும் இடத்துக்குப் பாப்பா வண்டியைக் கொண்டுபோனாள். நானும் வருகிறேன், இல்லாவிட்டால் ஏமாற்றுவான் என்று முன்சீட்டில் நானாகப் போய் ஏறினேன். யார் கூப்பிட்டார்கள் என்னை?

பாலிஷ்காரர் கையில் ஒரு சின்ன விளக்கு. பானெட்டில் அடித்ததும் பட்டப்பகல்போல எல்லாம் எழுந்து நின்றது.

"ஒருநாள் வேலை இல்லைங்க இது. மாசக்கணக்கா ஒரே ஆள் துடைச்சிருக்காரு. மேல ஒட்டியிருக்கிற மண்ணு முழுசாப் போறதுக்குள்ள துண்டை வச்சு வட்டமாத் தேய்ச்சா இப்படித்தான் ஆகும்."

நான், "வாட்டர்வாஷ் கடையில..." என்று ஆரம்பித்தேன்.

"கடைன்னா பத்துக் கை படும் சார். இது ஒரே கை. இங்க பாருங்க, ஒவ்வொரு சுழியிலயும் ஒரு கோடு மட்டும் ஆழமா இருக்கு. துண்டு விலகுற இடத்துல மோதிரக் கல்லு பட்டிருக்கு. சுத்தியிருக்கிற போக்கைப் பார்த்தா இடது கைக்காரர்."

கையைச் சட்டைப்பைக்குள் போட்டேன். பாப்பா என் முகத்தைப் பார்க்கவில்லை. சட்டைப்பையைப் பார்த்தாள்.

எடுக்க முடியுமா என்று கேட்டாள். "கீறலை எடுக்கிறதுன்னு ஒண்ணு கிடையாதும்மா. சுத்தி இருக்கிற நல்ல பூச்சைக் கீறல் ஆழத்துக்கு மெஷினால இறக்கிடுவோம். அப்புறம் தெரியாது. ஆனா அடிக்கடி தாங்காது, பூச்சு தீர்ந்துடும். ஆழமான கோடு நின்னுடும்" என்றார். மங்கின இடத்தைத் தடவிப் பார்த்து, "இது என்ன, பற்பசையா?" என்றார். பக்கத்து வண்டிக்காரன் சிரித்தான்.

வீட்டு வாசலில் எஞ்சினை அணைத்த பிறகு ஒன்றே ஒன்று கேட்டாள். "அந்தம்மா விஷயம். தெரிஞ்சேதான் சொன்னீங்களா மாமா?"

"இருக்கலாம்னுதானேம்மா சொன்னேன்..."

இறங்கிப் போய்விட்டாள்.

தெரிஞ்சுதான் சொன்னேன். வெயில்ல அந்தச் சுழியைப் பார்த்த அடுத்த நொடியே தெரியும், என் கை எனக்குத் தெரியாதா? வேற எதைச் சொல்லச் சொல்றே? இந்த வீட்ல நான் செய்யிற ஒரே வேலை அது. அதையும் கெடுத்துட்டேன்னு என் வாயால எப்படிச் சொல்வேன்?

மோதிரத்தை டைரக்டர் போடலை. அன்னைக்கு அவர் ஊர்லயே இல்லை. ஸ்டோர் வேன் ஓட்டினவனுக்கு எவன் மேடை போடுவான்? மறுநாள் நானே கடைக்குப் போய் வாங்கி, நானே போட்டுக்கிட்டேன். வளையல் வாங்க வந்த ஒரு பொம்பளை, நல்லாருக்குன்னு சொல்லிச்சு. அவ்வளவுதான் கைதட்டல்.

மார்ச் 16, ஞாயிறு

காலையில் பாப்பா வண்டியைப் பாலிஷ் கடையில் விட்டுவிட்டு வந்தாள். வாளி காய்ந்து கிடக்கிறது. யாரும் என்னை எதுவும் சொல்லவில்லை. திட்டினால் தேவலை.

மார்ச் 20, வியாழன்

இன்று வாட்டர்வாஷ் ஓனரை நிற்கவைத்துக் கேட்டுவிட்டேன். தப்பு என்னுது, அந்தம்மாவை நாளைக்கே கூப்பிடு என்று மேஜையைத் தட்டினேன். அவனுக்கு வேர்த்து விறுவிறுத்து...

இல்லை. உள்ளேயே போகவில்லை. எதிர்ப்பக்கம் நின்று ரெண்டு டீ குடித்தேன். துடைக்கிற இடத்தில் புது ஆள். கொடியில் ஒரு துணி காய்ந்துகொண்டிருந்தது.

மார்ச் 22, சனி

போனேன். நிஜமாகவே போனேன். மேஜையை எல்லாம் தட்டவில்லை.

ஓனர் கேட்டுக்கொண்டே ரசீது கிழித்தான். "இப்ப வந்து சொல்றீங்களே பெரியவரே. வேற ஆள் வச்சாச்சு. உங்க வீட்டுப் பொண்ணு முந்தாநாளே வந்து அந்தம்மா போன் நம்பரை வாங்கிட்டுப் போயிடுச்சு."

இதில்கூட எனக்கு முந்திவிட்டாள். என்னிடம் சொல்லவில்லை.

மார்ச் 29, சனி

வண்டி வந்து ஒரு வாரம். வெயிலில் நிறுத்திப் பார்த்தேன். சுழிகள் போய்விட்டன. கிட்டே குனிந்தால் மோதிரக் கோடு அங்கங்கே இருக்கிறது. சாவி முன்பு கூடத்து ஆணியில் தொங்கும். இப்போது பாப்பாவின் கைப்பையில்.

ஏப்ரல் 6, ஞாயிறு

எட்டு மணிக்கு மணி அடித்தது. வாசலில் அந்த அம்மா. இனி ஞாயிறுதோறும் அவர்தான் வண்டியைக் கழுவுவாராம்.

பாப்பா என்னைக் காட்டி, "இவர் எங்க மாமா" என்றாள்.

நான் அடுத்த வரிக்காக நிமிர்ந்து நின்றேன். அவள் குழாயைத் திறக்கப் போய்விட்டாள்.

அந்த அம்மா ரெண்டு வாளி கேட்டார். ஒன்றில் சோப்பு நுரை, இன்னொன்று துணியை அலச. மேலிருந்து கீழாக, பக்கம் பக்கமாக. பிறகு போர்வை அகலத்தில் ஒரு மெத்தென்ற துணியை எடுத்து உதறி, "ஒரு ஓரத்தைப் பிடிங்கய்யா. மோதிரம் இருந்தா கழட்டிடுங்க" என்றார்.

கையை விரித்துக் காட்டினேன். விரலில் வெளுத்த தடம் மட்டும்தான் இருந்தது. தங்கச்சி புருஷன் ஜன்னலில் நின்றுகொண்டிருந்தார். ஒரு கிண்டல்கூட இல்லை.

வண்டிக் கூரைமேல் துணியை விரித்தோம். டைரக்டர் தலை சீவின கதை வாய்வரை வந்தது. அதற்குப் பதிலாக, "உங்களைப் பத்திச் சொன்னது நான்தாம்மா" என்றேன்.

"தெரியும்யா. பாப்பா போன்லயே சொல்லிடுச்சு." அவர் நிமிரவில்லை. துணியின் மடிப்பை நீவிவிட்டுக்கொண்டிருந்தார். "நேரா இழுங்க. தேய்க்க வேணாம்."