பின்னால் போட்டிருக்க வேண்டிய இரண்டு டயர்

செமோர், பேராக்.
14 செப்டம்பர் 2025, ஞாயிறு

அன்பு மச்சான் அர்ச்சுனனுக்கு,

தர்மா எழுதுகிறேன். கோலாலம்பூர் மருத்துவமனையில் நீ இப்போது ஒழுங்காகச் சாப்பிடுகிறாய், பயிற்சிக்கும் முரண்டு பிடிக்காமல் போகிறாய் என்று உன் அக்கா புனிதா சொன்னார். உன் அம்மா நலம். முட்டி வலிக்கு எண்ணெய் வாங்கிக் கொடுத்தேன். ஆறாம் வகுப்புக்குப் பிறகு நான் தமிழில் இவ்வளவு நீளமாக எழுதியதில்லை. பிழை இருந்தால் பொறுத்துக்கொள். இதைப் போனில் சொல்ல இரண்டு தடவை முயன்றேன். பக்கத்தில் அக்கா இருந்தார், எனக்கு வாய் வரவில்லை.

உன் காடியின் பட்டறை வேலை முடிந்துவிட்டது. பின்பக்கத் தகடு முழுவதும் மாற்றி, போன மாதம் சாயமும் அடித்தாயிற்று. அதே சிவப்பு. பத்து மாதத்துக்கு முன் அது நசுங்கிக் கிடந்ததைப் பார்த்தவர்கள் இதுவா அது என்று கேட்கிறார்கள். டயர் மட்டும்தான் பாக்கி இருந்தது. ஓட்டப்பந்தயக்காரர்கள் போடுகிற அந்த மென்மையான டயர்தான் வேண்டும் என்று நீ மூன்று முறை கேட்டாய். அதை நான் வாங்கவில்லை மச்சான். காய்ந்த ரோட்டில் அது பசை மாதிரி ஒட்டும். ஆனால் வரிப்பள்ளம் குறைவு, தண்ணீரை வெளியே தள்ளாது. நம்ம ஈப்போ மழைக்கு அது ஆகாது. இன்னொன்று நெடுநாள் உழைக்கும், ஆனால் கல் மாதிரி இருக்கும். இந்த மாதிரிக் காடிக்குப் பிடிமானம் போதாது. கடைசியில், ஆழமான பள்ளம் வெட்டிய மழை டயரை எடுத்தேன். நான்கும் ஒரே மாதத்தில் செய்தவை. பக்கவாட்டில் இருக்கிற தேதி எண்ணை நானே பார்த்துப் பொறுக்கினேன்.

என் தவுக்கே, அதுதான் டயர் கடை முதலாளி, யார் ஓட்டப் போகிறார்கள் என்று இவ்வளவு பார்த்துப் பார்த்து எடுக்கிறாய் என்று கேட்டார். நான் அடுத்த டயரைப் புரட்டினேன். கால் இனி வராது என்று டாக்டர் மார்ச் மாதமே உன்னிடம் நேராகச் சொல்லிவிட்டார் என்று அக்கா சொன்னார். கையால் ஓட்டுகிற மாதிரி காடியை மாற்றலாமே என்று கேட்டேன். வார்போட்டுக் கட்டினால்தான் தம்பியால் உட்காரவே முடிகிறது என்று சொல்லி அழுதுவிட்டார். அதற்குப் பிறகும் நீ டயர் பேச்சை எடுக்கும்போதெல்லாம் நானும் கூடச் சேர்ந்து பேசிக்கொண்டிருந்தேன்.

உன் அம்மா இப்போதெல்லாம் வாரம் ஒரு தடவை என்னைக் கூப்பிட்டுச் சோறு போடுகிறார். மீன் தலைக்கறி வைத்தால் தலையை எனக்கு வைக்கிறார். பக்கத்து வீட்டுக்காரர்களிடம், “தர்மா மாதிரி ஒரு கூட்டாளி என் பிள்ளைக்கு வேற யாரு இருக்கா” என்று சொல்கிறார். ரோட்டில் எண்ணெய் கொட்டிப் போன லாரிக்காரனைத் தினமும் சபிக்கிறார்.

லாரி எதுவும் இல்லை மச்சான். ரோட்டில் எண்ணெயும் இல்லை. மருத்துவமனை வாசலில் அம்மா எப்படி நடந்தது என்று கேட்டபோது என் வாயில் வந்த பொய் அது.

போன தீபாவளிக்கு முதல் நாள் நீ கடைக்கு வந்தாய். நான்கு டயரும் தேய்ந்திருந்தன. உன் அளவில் இரண்டுதான் கையிருப்பு. மற்ற இரண்டும் தீபாவளி முடிந்துதான் வரும் என்றேன். நீ சிரித்துக்கொண்டே, “ரெண்டையும் முன்னாலயே போட்டு விடுலா மச்சான், திருப்புறப்ப நல்லாக் கடிக்கும்” என்றாய். இரண்டுதான் புதிது என்றால் பின்னால்தான் போட வேண்டும். முன்னால் புதிது, பின்னால் மொட்டை என்று இருந்தால், ஈர ரோட்டில் வளைவு எடுக்கும்போது பின்பக்கம் பிடி விட்டுச் சுழன்றுவிடும். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே தவுக்கே சொல்லிக் கொடுத்தது அது. பன்னிரண்டு வருடமாக வருகிறவர்களிடமெல்லாம் நானே சொல்கிறேன். அன்று எட்டுக் காடி வரிசையில் நின்றது. உன் காடியின் முன்பக்கம் ஏற்கெனவே ஜாக்கியில் ஏறியிருந்தது. இறக்கிப் பின்னால் ஏற்றச் சோம்பல்பட்டேன். சரி என்று போட்டுவிட்டேன். நாலாம் நாள் சிம்பாங் பூலாய் மலைச்சாலையில் மழை.

“அன்று அறுபதில்தான் போனேன், அந்த வளைவுக்கு அதுவே அதிகம்” என்று நீ உன்னையே திட்டிக்கொண்டிருக்கிறாய். அக்கா சொன்னார். அதனால்தான் போன வெள்ளிக்கிழமை புது டயர் நான்கையும் மாட்டி உன் காடியை எடுத்துக்கொண்டு போனேன். உன்னைக் கேட்காமல் எடுத்தது தப்புதான். மதியம் மூன்று மணிக்கு நல்ல மழை. அதே வளைவில் அதே அறுபதில் போனேன். காடி கொஞ்சம்கூட ஆடவில்லை. கோடு போட்ட மாதிரி திரும்பியது. திரும்பி வந்து இன்னொரு தடவை போனேன். அப்போதும் அப்படித்தான். பிறகு ஓரமாக நிறுத்திவிட்டு இறங்கினேன். மழை விடுகிற வரைக்கும் அங்கேயே நின்றேன்.

உன் வேகம் காரணமில்லை மச்சான். இதை நீ தெரிந்துகொள்ள வேண்டும். தெரிந்தாலும் உன் கால் வராது, அது எனக்குத் தெரியும். ஆனாலும் செய்யாத தப்புக்கு நீ ராத்திரி பகலாக உன்னைத் திட்டக்கூடாது. திட்ட வேண்டியது என்னை.

அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை. முதலில் உனக்குத் தெரிய வேண்டும் என்று நினைத்தேன். நாளைக்கு இந்தக் கடிதத்தைத் தபாலில் போட்டுவிட்டு அவரிடம் போகிறேன். இனி அந்த வீட்டில் எனக்குச் சோறு கிடைக்காது. கிடைத்தாலும் இறங்காது.

வருகிற சனிக்கிழமை முதல் பஸ்ஸில் கோலாலம்பூர் வருகிறேன். உன் வார்டில் நோயாளி பெயர் கொடுத்தவர்களை மட்டும்தான் உள்ளே விடுகிறார்கள். பார்க்க மனம் இருந்தால் என் பெயரைச் சொல்லி வை. இல்லையென்றால் சொல்லாதே. காரணம் கேட்க மாட்டேன். நீ சொல்ல மாட்டாய் என்றுதான் தோன்றுகிறது. இருந்தாலும் பார்வை நேரம் முடிகிற வரைக்கும் கீழேதான் உட்கார்ந்திருப்பேன்.

உன் முதுகுப் புண் ஆறட்டும். வலி இல்லாமல் ஒரு நாளாவது நீ தூங்க வேண்டும். முனீஸ்வரனிடம் எனக்காக எதையும் கேட்கவில்லை, இதை மட்டும்தான் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

கூட்டாளி என்று எழுதத் தகுதியில்லாத,
தர்மா