பெட்டி எண்களுக்கு நடுவே ஒரு கோடு

இன்று காலை நம் ஆபீசிலிருந்து பழைய டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டரைத் தூக்கிக்கொண்டு போனார்கள். மூடி திறந்ததும் ரிப்பன் மை வாசனை அடித்தது. உன் சட்டைப்பையில் எப்போதும் இருந்த வாசனை. நீ செத்துப்போய் ஆறு மாதம் ஆகிறது. யாரிடமாவது பேச வேண்டும்போல இருந்தது, உனக்கே எழுதுகிறேன்.

திருவொற்றியூர் கன்டெய்னர் யார்டில் நீ செக்கர், நான் கம்ப்யூட்டர் ஆபரேட்டர். கப்பலுக்குப் போகும் பெட்டிகளின் எண்களை நான் அச்சடித்துத் தருவேன். நீ வெயிலில் அலைந்து அந்தப் பெட்டிகளைத் தேடி லாரியில் ஏற்றுவாய். ஒருநாள் டீக்கடையில் காகிதத்தை மூக்கருகே பிடித்துக்கொண்டு சொன்னாய்: "மாமு, கண்ணு பேஜாரா கீது. நம்பருங்கோ ஒண்ணு மேல ஒண்ணு ஏறிக்கினு நிக்குது. மேனேஜருக்குத் தெரிஞ்சா வேலை காலி."

ஒவ்வொரு எண்ணிலும் நான்கு எழுத்து, ஏழு இலக்கம், எல்லாம் ஒட்டிக்கொண்டிருக்கும். நான்கு எழுத்து, மூன்று இலக்கம், மறுபடி மூன்று, கடைசியில் ஒன்று; இந்த வடிவம் எங்கே வந்தாலும் நடுவில் கோடு போடு என்று ஆபீஸ் கம்ப்யூட்டரின் யூனிக்ஸில் ஒரே வரியில் கட்டளை எழுதினேன். பட்டியல் முழுவதும் நொடியில் பிரிந்து வந்தது. நீ விரல் வைத்துப் படித்துப் பார்த்து, "சோக்கா கீது மாமு" என்றாய்.

அந்தக் கட்டளையை ஒரு ஃபைலில் போட்டு வைத்திருந்தால் யார் வேண்டுமானாலும் ஓட்டியிருக்கலாம். நான் வைக்கவில்லை. தினமும் காலையில் கையாலேயே அடித்தேன். வீட்டில் பேச ஆளில்லாதவன் நான். அந்தக் காகிதத்துக்காக நீ என் மேசைக்கு வந்து கால் மணி நேரம் கதையடிப்பது எனக்கு வேண்டியிருந்தது. வேறு யாரோ அச்சடித்துக் கொடுத்தால் நீ ஏன் வரப்போகிறாய்? கேவலமான புத்திதான்.

காய்ச்சலில் நான் இரண்டு நாள் படுத்தேன். எனக்குப் பதில் உட்கார்ந்தவர் பட்டியலை அப்படியே அச்சடித்தார். உன்னால் கேட்கவும் முடியவில்லை. கேட்டால் காரணம் சொல்ல வேண்டும். தவறான பெட்டியை ஏற்றிவிட்டாய், கப்பலும் கிளம்பிவிட்டது. விசாரித்தபோது கண் விஷயம் வெளியே வந்தது. அன்றே உன்னை நிறுத்தினார்கள்.

எல்லாவற்றையும் சொல்லிவிடத்தான் கல்மண்டபத்துக்கு, உன் வீட்டுக்கு வந்தேன். நீ முந்திக்கொண்டாய். "நீ இன்னா பண்ணுவ மாமு? ஜொரம் வந்தா யாரு இன்னா பண்றது?" நான் தலையாட்டினேன். அதன்பிறகு எத்தனையோ ஞாயிற்றுக்கிழமைகள் வந்தேன். ஒருமுறைகூட வாய் திறக்கவில்லை.

வேலைக்குத் திரும்பிய அன்றே அந்தக் கட்டளையை ஃபைலில் போட்டேன். இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. இன்றும் பட்டியல் அதிலிருந்துதான் வருகிறது, வேண்டியவர்கள் அவரவரே எடுத்துக்கொள்கிறார்கள். உன்னிடம் சொல்லாமல் விட்டதைச் சுமந்துகொண்டு நான் அங்கேயேதான் உட்கார்ந்திருக்கிறேன். என் மேசைக்கு யாரும் வருவதில்லை.